கடைசியாகக் கரையேறியவன்

முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தவன் நான். விருப்பம் என்னுடையது இல்லை, என் இடது முழங்காலுடையது. அது சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. இப்போது என் இருக்கையில் இருக்கும் நித்யா போன் செய்தாள். "சார், அரசு மரியாதை நிகழ்ச்சி எப்படி நடத்தறதுன்னு அரை மணி நேரம் பேசுங்க சார். உங்களுக்குத்தான் அதுல அனுபவம் ஜாஸ்தி." அனுபவம் என்பது அவள் மரியாதைக்குச் சொன்னது. போய்ப் பேசினேன். பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் விட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பி வந்தேன். அந்த மீதி இது.

சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு தெரியும் என்று எடுத்தார்கள். ராணுவம் பற்றி எனக்குத் தெரிந்தது சூலூர் பக்கம் தலைக்கு மேல் பறக்கும் விமானச் சத்தம் மட்டும். முதல் இரண்டு வருஷம் தபால் ஒட்டினேன், அடுத்த மூன்று வருஷம் ஒட்டியதைப் பதிவேட்டில் ஏற்றினேன். அதற்குப் பிறகு வெளி வேலை கொடுத்தார்கள். ஓய்வூதியம் வாங்கும் வீரர்கள் படுக்கையில் இருந்தால் வீட்டுக்கே போய்ப் பார்த்து, "இன்னார் உயிருடன் இருப்பதை நேரில் கண்டேன்" என்று எழுதிக் கொடுப்பது. இப்போது போனில் முகத்தைக் காட்டினால் போதுமாம். அன்றைக்கு நாங்கள்தான் அந்தப் போன்.

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அப்படி ஒரு சுபேதாரைப் பார்க்கப் போனேன். முந்தைய இரவு யானை வந்து போன தோப்பு. நான் போனபோது சரசரவென்று ஒரு சத்தம். எருமை. அது எருமை என்று எனக்குத் தெரிந்தது பிறகு. உயிருடன் இருக்கிறாரா என்று பார்க்கப் போன என்னை, கட்டிலிலிருந்து இறங்கி வந்து அந்தச் சுபேதார்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். "கண்ணு, யாரு யாருக்குச் சர்டிபிகேட் குடுக்கறது?" என்று கேட்டார். பயம் வந்தால் என் மூளை முதலில் கிளம்பிப் போய்விடும், கால் பின்னால் போகும், உடம்பு மட்டும் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் மேஜர் சார் என்போம். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே உதவி இயக்குநராக வந்தவர். கத்தவே மாட்டார். "வாங்க, உக்காருங்க" என்று சொன்னால் மட்டும் நாம் செய்த தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம். எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்து மேலே படிப்பார். ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஏற்றிக்கொண்டே போவார். "முதல் வரியை எல்லாரும் குளிச்சுட்டு வந்து எழுதறாங்க. கடைசி வரியிலதான் அவசரம் தெரியும்" என்பார். தப்பு இருந்தால் அடிக்க மாட்டார். பென்சிலால் கடுகு மாதிரி ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி எதற்கு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் அது கொசு.

இனி ஜெனரல் விஷயம். பெயர் வேண்டாம். எழுபத்தொன்றில் கிழக்கே நடந்த போரில் ஒரு பெரிய படையை நடத்தியவர். பிறந்தது வடக்கே, ஓய்வு பெற்றுக் குடியேறியது குன்னூரில். தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் காலமானார். தன் அஸ்தியைப் பாறைத்துறையில் கரைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். பாறைத்துறை எங்கே இருக்கிறது என்று மேலிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தைத் தேடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அலுவலகத்துக்குள் அது என் வேலை.

தேடிப் பிடித்தேன். பவானி ஆற்றங்கரையில், சிறுமுகையைத் தாண்டி முப்பது வீடு, அதுதான் பாறைத்துறை. எல்லாம் பரிசல்காரர்கள். அக்கரையில் இருக்கும் வாழைத் தோட்டங்களுக்கு ஆளையும் உரத்தையும் ஏற்றிப் போவதும், அங்கிருந்து வாழைத்தாரை ஏற்றி வருவதும்தான் பிழைப்பு. முப்பது வீட்டுக்கு ஜெனரல் என்ன உறவு என்று விசாரித்து, நிகழ்ச்சியில் படிக்கப்போகும் வாழ்க்கைக் குறிப்பில் நாலு வரி சேர்க்கச் சொன்னார் மேஜர் சார். ஒன்பது நாள் அவகாசம்.

அஸ்தியோடு போகும் பரிசலை யார் ஓட்டுவது என்று கேட்டபோது எல்லோரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். வெள்ளிங்கிரி என்ற முன்னாள் சிப்பாய். அப்போது அவருக்கு அறுபத்து நாலு வயது. பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க ஆபீசருங்களா?"

"இல்லைங்க. ஆபீசர் போட்ட கையெழுத்தைத் தூக்கிட்டு வர்றவன்."

"அப்பச் செரி, உக்காருங்க." அவர் மனைவி ராமாத்தாளைக் கூப்பிட்டு காப்பி போடச் சொன்னார். "ஜெனரல் ஐயா இந்த ஊட்டுலதானுங்க காப்பி குடிப்பாரு. வருசம் ஒருக்கா வருவாரு. தூண்டில் கொண்டாருவாரு, மீன் மட்டும் புடிக்க மாட்டாரு."

"அப்புறம் எதுக்குங்க வருவார்?"

தார்ச் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னதை, என் குறிப்புநோட்டில் இருக்கிறபடியே தருகிறேன்.

"இந்த ஆத்தை நம்ப முடியாதுங்க. மேல அணையில கரண்டுக்குத் தண்ணி விட்டாங்கன்னா பொசுக்குன்னு ஏறிக்கும். அப்ப யாராச்சும் நடந்து தாண்டிட்டு இருந்தா, எங்காளு ஒருத்தன் தண்ணிக்குள்ள நிப்பானுங்க. பள்ளம் ஆரம்பிக்கற எடத்துல. அவனுக்கு மேல்பக்கமா எல்லாரும் போயிரோணும். நிக்கறவன் மொகம் தண்ணி வார பக்கந்தான் இருக்கோணும், கட்டை கிட்டை வந்தாக் கத்தறதுக்கு. திரும்பிப் பாக்கப்படாது."

"எல்லாரும் போயிட்டாங்கன்னு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"கடைசியா ஏறுனவன் சொல்லோணும். 'ஏறிட்டேன், வா'ன்னு."

"கரையில இருக்கிற யாராச்சும் சொல்லக் கூடாதுங்களா?"

"கரையில நிக்கறவன் ஆயிரம் சொல்லுவானுங்க. பின்னால ஆருமில்லைன்னு கடைசி ஆளுக்குத்தானுங்களே தெரியும். அவன் சொன்னாத்தான் வரோணும்."

நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கோடும் நேராகத்தான் இருக்கின்றன.

அவரும் அவருடைய அண்ணன் ரங்கனும் அந்தப் போரில் ஜெனரலின் படையில் இருந்திருக்கிறார்கள். ஆற்றுக்காரப் பையன்கள் என்று, ஒரு பெரிய ஆற்றைக் கடக்கும்போது ஆழம் பார்க்க முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். தம்பி கயிற்றோடு அக்கரை போனார். அண்ணன், யாரும் சொல்லாமலே, ஊர்ப் பழக்கத்தில் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டார். அவரை அடையாளம் வைத்து மதியம்வரை ஆட்கள் கடந்தார்கள். கடைசியாக வந்தது ஜெனரலின் ஜீப். அது ஏறியது, போய்விட்டது. அந்த ஆறு கடலுக்குப் பக்கம். கடல் ஏறினால் ஆறும் ஏறும்.

"நாங்க ரெண்டு மைல் போயிட்டமுங்க. திரும்பி வந்து பாக்கறப்ப ஆளு இல்ல."

ரங்கனின் பதிவேட்டில் ஒரு எழுத்தர் எழுதினார்: "கவனக்குறைவால் நீரில் மூழ்கி இறந்தார்." போர் முடிந்து ஜெனரல் துக்கம் விசாரிக்க இந்த ஊருக்கு வந்தபோது, வெள்ளிங்கிரி அவரிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்.

"சொன்னனா, மனுசன் அப்படியே உக்காந்துட்டாருங்க. அடுத்த வருசம் தூண்டிலோட வந்தாரு. அக்கரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. கரையேறித் திரும்பி, ஆத்தைப் பாத்து, 'ஏறிட்டேன், வா'ன்னாரு. தமிளு வராதுங்க அவருக்கு, அதை மட்டும் கத்துட்டாரு. அப்பறம் வருசா வருசம் அதுதான்."

ராமாத்தாள் கொடுத்த காப்பியை நான் ஆற விட்டுவிட்டேன்.

"நான் துடுப்புப் போடறனுங்க," என்றார் வெள்ளிங்கிரி. "கூலி கீலி வேண்டாம். மைக்குல படிப்பீங்கல்லங்க, அதுல எங்கண்ணன் நின்னான்னு வரோணும். எங்கம்மா சாகறவரைக்கும் அந்தக் காயிதத்தைக் காட்டி, எம்பையன் கவனங்கெட்டவனாடான்னு கேட்டுட்டே இருந்துச்சு."

"வந்துருமுங்க," என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு யோசனையே கிடையாது. நிறைவேற்றுகிற இடத்தில்தான் யோசனை வரும்.

கோவை திரும்பி, எழுதி, மேஜர் சார் மேஜையில் வைத்தேன். கடைசி வரியில் ஸ்கேலை வைத்தார், ஏற்றினார், நடுவில் நின்றார்.

"வாங்க, சண்முகம். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"ரெக்கார்டு என்ன சொல்லுது?"

"கவனக்குறைவுன்னு இருக்குங்க சார். ஆனா அது தப்புங்க சார்."

"இருக்கலாம். இதை நாம மைக்குல படிச்சா என்ன அர்த்தம்? ஒரு சிப்பாய் நின்னான், ஜெனரல் மறந்துட்டுப் போயிட்டார். அவர் அஸ்தி முன்னாடி, அவர் மக முன்னாடி."

"மறக்கலைங்க சார், அவருக்குத் தெரியாது."

"கேக்கற கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எடுத்துருங்க."

எடுத்தேன். அந்த இடத்தில், "இவ்வூர்க் குடும்பம் ஒன்றின்மீது இரக்கம் கொண்டு ஆண்டுதோறும் வருகை தந்தார்" என்று போட்டேன். வெள்ளிங்கிரியிடம் சொல்லவில்லை. போன் செய்யலாம் என்று எடுப்பேன், பேட்டரி குறைவாக இருக்கிறது என்று வைத்துவிடுவேன். எழுபது சதவீதம் இருக்கும்.

அடுத்தது ஏற்பாடுகள். புதியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும், ஏனென்றால் இதில் நான் செய்த எதையும் நீங்கள் செய்யக் கூடாது. முதலில் நிமிஷக் கணக்கில் நிகழ்ச்சி நிரல்: பத்து மணிக்கு வாகனம் வருகை, பத்து ஐந்துக்கு மலர்வளையம், பத்து இருபதுக்குப் பரிசல் கிளம்புதல், நடு ஆற்றில் கரைத்தல், திரும்புதல், கரையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தல், பியூகிள் ஊதுதல், பதினொன்றுக்கு முடிவு. பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது. நடு ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால்? ஜெனரலின் மகள், மேஜர் சார், அஸ்தி, நான். என் கவலை இந்த வரிசையில் இல்லை, தலைகீழாக. மேலே உள்ள அணை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தட்டினேன். அன்று காலை துறைப்பக்கம் தண்ணீர் வராமல் நிறுத்தி வைக்கவும், பன்னிரண்டு மணிக்குமேல் வந்தால் போதும். பன்னிரண்டு என்று ஒரு மணி நேரம் கூட்டிப் போட்டதில் எனக்கு ஒரே பெருமை.

அன்று காலை ஏழு மணிக்கே துறையில் இருந்தேன். வெள்ளிங்கிரி இடுப்பில் கை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், ஆறு ஏன் இப்படிக் கெடக்குது?"

"நான்தாங்க நிறுத்தி வெச்சேன். பாதுகாப்புக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரிசலு தண்ணியிலதானுங்க போகும்."

இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. "கொஞ்சம் இருக்குதுங்களே," என்றேன்.

"துணி தொவைக்க இருக்குது. செரி, ஓரமாப் போயிப் பாக்கலாம்."

வாகனம் பத்துக்கு வரவில்லை. மலையிலிருந்து இறங்கும் பாதையில் சீசன் கூட்டம், மேட்டுப்பாளையம்வரை வண்டி நகரவில்லை. பதினொன்று இருபதுக்கு வந்தார்கள். ஜெனரலின் மகளுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, மடியில் செம்புக் கலசம், மலைப் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ். மலர்வளையம் முடிந்து நாங்கள் நாலு பேரும் பரிசலில் ஏறியபோது மணி பதினொன்று நாற்பது. மணியைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

ஆற்றின் பாதியில், இரண்டு பாறைகளுக்கு நடுவில், பரிசல் தட்டி உட்கார்ந்தது. வெள்ளிங்கிரி துடுப்பால் நெம்பினார். அசையவில்லை. கழியால் குத்தினார். வட்டமாக ஒரு சுற்று சுற்றி மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. கரையில் பியூகிள்காரர் உதட்டைத் துடைத்துத் தயாரானார்.

"எவ்வளவு ஆழம்?" என்றார் மேஜர் சார்.

"முழங்காலுங்க," என்றார் வெள்ளிங்கிரி. என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த வரி இருக்குதுங்களா?"

சட்டைப் பையில் மடித்து வைத்த தாள் நெஞ்சில் குத்தியது. "இருக்குதுங்க," என்றேன்.

அப்போதுதான் கேட்டது. மேல்பக்கம், வளைவுக்கு அப்பால், லாரி வருகிற மாதிரி ஒரு இரைச்சல். ஆற்றில் லாரி வராது. மணி பார்த்தேன். நான் கேட்டுக்கொண்ட பன்னிரண்டு மணி. என் உத்தியோகத்தில் ஒரு கடிதத்துக்கு நிமிஷம் தவறாமல் நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்த ஒருமுறைதான்.

வெள்ளிங்கிரி துடுப்பைப் போட்டுவிட்டு இறங்கினார். பள்ளத்தின் விளிம்புக்குப் போய், மேல்பக்கம் முகத்தை வைத்து நின்றார். "எனக்கு மேல்பக்கமாப் போங்க. அம்மா, நீங்க மொதல்ல. சாரு புடிச்சுக்குவாரு. ஓடாதீங்க, பாசி வழுக்கும்."

மேஜர் சார் ஒரு கையால் அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கலசம் அந்தம்மாவின் இடுப்பில். நான் பரிசலிலேயே இருந்தேன். பயம் வந்தால் என் மூளை முதலில் கிளம்பிவிடும் என்று சொன்னேன் இல்லையா, அது அப்போது மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தை நெருங்கியிருக்கும். தண்ணீர் வெள்ளிங்கிரியின் தொடைக்கு வந்தது. "சார், எறங்குங்க," என்றார் வெள்ளிங்கிரி, திரும்பாமல். "சண்முகம் சார். எறங்குங்க சாமி."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். அவருடைய முதுகுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனது மட்டும் ஞாபகம். கரைப் புல்லைப் பிடித்து ஏறி, மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, நான் இருக்கிறேன் என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன். பிறகு ஒரு செருப்பு போய்விட்டதைக் கவனித்தேன். புதுச் செருப்பு. அதைத் தேடினேன். ஆமாம், தேடினேன்.

கரையில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "வாங்க, வாங்க" என்று போலீஸ்காரர்கள் கத்தினார்கள். மேஜர் சார், நான் முதல்முறையாகக் கேட்க, கத்தினார். வெள்ளிங்கிரி வரவில்லை. தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்திருந்தது. முகம் மேல்பக்கமே இருந்தது.

"ஏன் அவர் வரலை?" என்றார் ஜெனரலின் மகள். "காது கேக்காதா?"

கூட்டத்திலிருந்து ராமாத்தாள் என்னிடம் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். "சாமி, நீங்கதானுங்களே கடைசி. சொல்லுங்க."

எனக்குத் தெரியும். ஒன்பது நாள் முன்னால் எழுதி, இரண்டு கோடு போட்டு வைத்தவன். தெரிந்தும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று கத்தினேன். முதல்முறை காற்றுதான் வந்தது. இரண்டாம்முறை வந்தது.

"ஏறிட்டேன், வாங்க."

அவர் திரும்பினார். கழுத்தளவுத் தண்ணீரில் குறுக்காக நீந்தி, ஐம்பது அடி கீழே கரையேறினார். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "எல்லாரும் இருக்கறீங்களா?" என்றார்.

ஜெனரலின் மகள் என்னிடம், "என்ன சொன்னீங்க நீங்க?" என்று கேட்டார். "அப்பா தூக்கத்துல அதைத்தான் சொல்வார். எங்களுக்கு அர்த்தம் தெரியாது. இங்க மீன் பிடிக்க வர்றதாத்தான் சொல்வார். ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை."

நான் மேஜர் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். துறையில் நிற்பது, ரங்கன், கடைசி ஜீப், எல்லாம். சொல்லி முடித்தபோது அந்தம்மா கலசத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டார், கை வலிக்கிற மாதிரி.

"இதை இன்னைக்குப் படிப்பீங்களா?"

மேஜர் சார் என் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மை கரைந்து நீலக் கறையாக இருந்தது. கடைசி வரியிலிருந்து தேடினார், எந்த வரியும் இல்லை. "ஈரமாயிருச்சு, சண்முகம். படிக்க முடியாது. ஞாபகத்துல இருக்கறதைச் சொல்லுங்க," என்றார். பிறகு வெள்ளிங்கிரி பக்கம் திரும்பி, "அந்த வரி இதுல இல்லைங்க. எடுக்கச் சொன்னது நான்," என்றார்.

வெள்ளிங்கிரி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். இருக்குதுங்க என்று பரிசலில் சொன்னவன் நான்.

மைக்கில் சொன்னேன். ரங்கன் விழவில்லை, நின்றார், அவரிடம் வா என்று சொல்ல வேண்டியவருக்கு அது தெரியாது, தெரிந்த பிறகு அவர் சாகும்வரை வந்து சொன்னார். நாலே வாக்கியம். அதற்குப் பிறகு ஆற்றில் வேண்டிய அளவு தண்ணீர் இருந்ததால் வெள்ளிங்கிரி வேறொரு பரிசலில் அந்தம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். அஸ்தி கரைந்தது. இந்தமுறை எனக்குப் பரிசலில் இடமில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் மேஜர் சார் ரங்கனின் பதிவைத் திருத்தக் கோரி ஒரு கருத்துரு எழுதச் சொன்னார். இங்கேதான் என் மிச்ச உத்தியோகம் போனது. கருத்துரு போகும், கேள்வியோடு திரும்பும். நிற்கச் சொல்லி உத்தரவிட்டது யார்? யாரும் இல்லை. அந்த ஊர்ப் பழக்கத்துக்கு ஆவணம் உண்டா? இல்லை. தம்பியின் சாட்சியம் உறவினர் சாட்சியம், ஏற்க இயலாது. மேஜர் சார் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் தாளை மேலிருந்து கீழே படித்தார்கள், அதனால் பாதியில் நிறுத்தினார்கள். கடைசியாக வந்த கேள்வி இது: சம்பவத்தின்போது கடைசியாகக் கரையேறியவரின் வாக்குமூலம் இணைக்கப்படவில்லை.

ஜெனரல் இல்லை. அந்தக் கேள்வியை ஒரு வாரம் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் வாக்குமூலத்தை எழுதி இணைத்தேன். இரண்டாம் சம்பவத்தில் கடைசியாகக் கரையேறியவன் நான். வழக்கத்தை முன்கூட்டியே எழுத்துமூலம் அறிந்திருந்தேன். இருந்தும் சொல்லத் தவறினேன். அந்த நேரம் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் சொல்லும்வரை அந்த மனிதர் கழுத்தளவு நீரில் அசையாமல் நின்றார். அறிந்தவனே மறந்த இடத்தில், அறியாதவர் சொல்லாமல் போனதும், ஒருவர் நின்றே இறந்ததும் நடக்கக்கூடியதே. கவனக்குறைவு என்னுடையது. கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரை வைத்து அனுப்பினேன். அதற்காக என்னிடம் ஒரு விளக்கம் கேட்டார்கள், அணைக்கு எழுதிய கடிதம் பற்றி. அதையும் கொடுத்தேன். அதற்குள் முழங்கால் போய்விட்டது, நானும் வந்துவிட்டேன்.

பயிற்சி நாளன்று, நான் தொண்டை கட்டி இறங்கியதும், நித்யா ஒரு உறையைக் கொடுத்தாள். "உங்க ரங்கன் கோப்புக்கு ஆர்டர் வந்துருச்சு சார். நான் தபால்ல போடட்டுங்களா, நீங்க கொண்டுபோறீங்களா?"

அடுத்த நாள் சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ். வெள்ளிங்கிரிக்கு இப்போது எழுபத்து நாலு. பரிசலை மகன் ஓட்டுகிறான். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் தெரியவில்லை, படிக்கச் சொன்னார்.

"ஆற்றைக் கடக்கும் பணியின்போது நீரில் மூழ்கி இறந்தார்," என்று படித்தேன்.

"கவனக்குறைவு?"

"எடுத்துட்டாங்க."

"நின்னான்னு போட்டிருக்குதுங்களா?"

"இல்லைங்க. சாட்சி பத்தலைன்னுட்டாங்க."

"இதுக்கா இத்தனை வருசம்?" என்றார் ராமாத்தாள் உள்ளேயிருந்து.

வெள்ளிங்கிரி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நின்னதை நான் பாத்தேன் புள்ள. அதை ஆரும் எனக்கு எழுதிக் குடுக்க வேண்டாம். உழுந்தான்னு எழுதுனாங்கல்ல, அதைத்தான் எடுக்க முடியாம இருந்துச்சு."

ராமாத்தாள் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்து, எங்களோடு உட்கார்ந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். மூன்று பேரும் குடித்தோம், யாரும் அதைச் சொல்லவில்லை.